அடைக்கலமும் அரச ஆணையும்: யாழ்ப்பாணக் கிறித்தவ மரபில்

கிறித்தவ வழக்கில் அடைக்கலம் என்பது, உயிருக்கோ சமய நம்பிக்கைக்கோ அஞ்சி எல்லை கடந்து வந்தவருக்குத் திருச்சபையோ அதன் மக்களோ இடமளித்துக் காப்பதைக் குறிக்கும். அந்நியரைச் சொந்தக் குடிகளைப் போல நடத்துமாறு பணிக்கும் லேவியர் 19ஆம் அதிகாரமும், ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட குழந்தை இயேசுவைப் பற்றிய மத்தேயுவின் பதிவும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். ஆளும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் உரோமையர் 13ஆம் அதிகாரம் இதற்கு எதிரே வைக்கப்படும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்விரு போதனைகளும் பலமுறை மோதியுள்ளன. எனினும் ஒல்லாந்தர் காலத்துக்கே விரிவான சான்றுகள் கிடைக்கின்றன.

அதற்கு முன், 1544இல், மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். அவர்களின் தொகையை அறுநூறு என்றும் அதற்கு மேல் என்றும் கூறுவர்.

1658 யூனில் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கல்வினின் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருமாரை அவர்கள் வெளியேற்றினர். அதே ஆண்டு செப்டெம்பரில் பிறந்த ஆணையின்படி, குருவானவருக்கு வீட்டில் இடங்கொடுப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. வந்தவரைவிட வரவேற்றவரையே இவ்வாணை கடுமையாகக் குறிவைத்தது என்பது கவனிக்கத்தக்கது. 1665 வரை யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய, அச்சீர்திருத்தத் திருச்சபையின் பல்டேயஸ் பாதிரியார், 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான தம் நூலில் வடமராட்சியின் தேவாலயங்களாகக் கட்டைவேலி, உடுப்பிட்டி, பருத்தித்துறை ஆகியவற்றைக் குறிப்பிடுகிறார். இவற்றுள் கட்டைவேலி இன்றைய நெல்லியடிச் சந்தியை அடுத்துள்ளது. இத்தேவாலயங்களில் பெயர் பதிந்தோருள் எத்தனை பேர் வீட்டினுள் செபமாலை சொன்னார்கள் என்பதை எந்தத் தோம்பும், அதாவது எந்த அரச பதிவேடும், காட்டாது.

நாடு விட்டுப் போக இயலாதோர் காடு புகுந்தனர். 1670 அளவில் மாந்தையிலிருந்து ஏறத்தாழ இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் தேவாலயத்து அன்னையின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்ட வன்னிக் காட்டில் குடியேறியதாக மரபு கூறும்; அவ்விடமே மருதமடு.

கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் (1651–1711) வேறொரு வழியைத் தேர்ந்தார். 1687இல் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டுக் கூலியாளின் வேடத்தில், யோவான் என்ற ஏவலனோடு யாழ்ப்பாணம் வந்த அவர், கடற்பயணத்தின் விளைவாகக் கடும் வயிற்றுளைச்சலால் வருந்தினார்; தொற்றுக்கு அஞ்சிய ஊரவர் அவரை ஒதுக்கிவிட, ஏழைப் பெண்ணொருத்தி கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என அவரது வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். அவர் குருவானவர் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கழுத்தில் செபமாலையை அணிந்தபடி வீடுவீடாகப் பிச்சையேற்று, அதைக் கண்டு முகம் மாறியவர்களைக் கொண்டு கத்தோலிக்கரை அவர் இனங்கண்டார். பின்னர் சில்லாலையில் மறைவாகத் தங்கி, இரவில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் (1690 என்பாரும் உளர்) யாழ்ப்பாணத்து வீடொன்றில் கூடியிருந்தோரை ஒல்லாந்தர் சுற்றிவளைத்தபோது அடிகளார் தப்பினார். பிடிபட்டோருள் சிலர் சவுக்கடிக்கு ஆளாகினர், ஒருவர் அதனால் இறந்தார். 1692இல் கண்டி சென்ற அவரைப் போர்த்துக்கேய ஒற்றரெனச் சிறையிட்ட அரசே, 1697இல் பெரியம்மை பரவியபோது அவர் நோயாளரைப் பராமரித்ததைக் கண்டு, சுதந்திரமாகப் பணிபுரிய இடமளித்தது. கண்டியில் சட்டத்துக்கு உட்பட்டும் ஒல்லாந்தர் எல்லைக்குள் அதை மீறியும் வாழ்ந்த இவரைச் சட்ட மறுப்பாளர் எனக் கொள்வதா என்பதற்கு இரு வகையிலும் விடை கூறலாம். 2015 சனவரி 14இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் இவரைப் புனிதராக அறிவித்தார்.

ஆங்கிலேயர் காலத்தில் இதே கேள்வி புரட்டஸ்தாந்தரிடம் வந்தது. அவர்கள் விடை வேறாயிருந்தது. 1816இல் குடாநாட்டுக்கு வந்த அமெரிக்க மிஷனரிமாருக்குத் தேசாதிபதி பிரவுண்றிக் இடமளித்திருந்தார். ஆனால் 1820இல் அச்சகப் பணிக்காக வந்த ஜேம்ஸ் கரெற்றை மூன்று மாதத்துள் தீவை விட்டுச் செல்லுமாறு பதில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் ஆணையிட்டார். மிஷன் அவரை ஒளித்து வைக்கவில்லை. கரெற் பம்பாய் சென்று அங்குள்ள மிஷன் அச்சகத்தில் பணியாற்றினார். புதிய அமெரிக்கர் வருவதற்கான தடை 1833இலேயே நீங்கியது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியபோது அதை எதிர்த்து, மறு ஆண்டில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்த சா. ஜே. வே. செல்வநாயகம் புரட்டஸ்தாந்துக் கிறித்தவர். அவருடைய நிலைப்பாட்டில் சமயத்தின் பங்கு எவ்வளவு என்பது உறுதியாகக் கூறத்தக்கதன்று.

1983இன் இனக்கலவரத்தின் பின் எல்லை கடந்தோர் குடாநாட்டினரே. 1995 யூலை 9இல் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது குண்டு வீசப்பட்டது. இறந்தோர் தொகை குறித்து வேறுபாடு உண்டு. அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் இடம்பெயர்ந்தபோது, பாடசாலைகளும் கோவில்களும் தேவாலயங்களும் ஒன்றுபோல நிரம்பின. தமிழ்நாட்டில் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை நிறுவினார். 1980இல் பேத்ரோ அருப்பே தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணியும் அங்குள்ள முகாம்களில் கல்விப்பணி ஆற்றியது. இவ்விரண்டும் அரசின் அனுமதிக்குள் இயங்கியவை. மாறாக, தமிழர் உரிமைக்குக் குரல்கொடுத்த சிங்களவரான விராஜ் மெண்டிஸ் மான்செஸ்டரின் ஹியூம் பகுதித் தேவாலயத்தில் ஈராண்டுக்கு மேல் தங்கியிருந்தும், 1989 சனவரியில் காவல்துறை கதவை உடைத்து அவரைப் பிடித்து நாடுகடத்தியது. வழிபாட்டின் இடையே அதிகாரிகள் நுழைய நெதர்லாந்துச் சட்டம் இடந்தராததால், ஹேக் நகரின் பெத்தேல் தேவாலயம் ஆர்மீனியக் குடும்பமொன்றைக் காக்க 2018 ஒக்டோபர் முதல் 96 நாட்கள் இடைவிடாது வழிபாடு நடத்தியது. 1658இன் ஆணையை இயற்றியோரும் அந்நாட்டினரே.

அகதிகள் தொடர்பான 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளின் கிறித்தவரையும் சேர்த்துக்கொண்டு, இலங்கையரை விட்டுவிட்டது. 2015 சனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்றி நுழைந்து தங்குவதற்கான தண்டனை விதிகளிலிருந்து 2025இல் விலக்களிக்கப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் படகேறி இராமேசுவரத்துக் கரைக்குச் சென்றோர் இத்தேதிக்குப் பிற்பட்டவர்கள்.