உறுதியில் உள்ள ஏக்கரும் தண்ணீர் பாய்ந்த ஏக்கரும்: மெய்நிகர் நினைவகத்தின் கதை

லெப்டொப் மெதுவானால் கடையில முதல்ல வரும் பதில் "ரெம் காணாது, கூட்டிப் போடுங்க" என்பதுதான். கலேவெலயில் உயர்தரத்துக்கு ஐசிடி படிக்கிற பிள்ளையின் வீட்டுக்கு அது சின்னச் செலவில்லை. திரையில் தெரியும் எண்களில் எது உண்மையான பாவனை, எது வெறும் கணக்கு? அவை இரண்டும் பிரிந்த கதையை முதலில் பார்ப்போம்.

1950களில் நிரல் எழுதுபவரே இடத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. எந்தத் துண்டு வேகமான நினைவகத்தில், எந்தத் துண்டு மெதுவான காந்த உருளையில், எப்போது மாற்றுவது என்று எல்லாமே அவர் தலையில். மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டொம் கில்பர்னின் குழு இந்தச் சுமையை இயந்திரத்திடமே கொடுத்தது. 1962 டிசம்பர் 7ஆந் திகதி தொடக்கி வைக்கப்பட்ட அட்லஸ் கணினியில் வேகமான நினைவகம் 16,384 சொற்கள், உருளை 98,304 சொற்கள். ஆனால் நிரலுக்குத் தெரிந்ததோ ஒரே பெரிய நினைவகம். 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக எல்லாம் பிரிக்கப்பட்டன. கேட்ட பக்கம் உள்ளே இல்லாவிட்டால் கணினியே உருளையிலிருந்து கொண்டுவரும்.

எங்கட பக்கத்து விவசாயக் குடும்பங்களுக்கு இது புரியாத விஷயமில்லை. சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் காணாவிட்டால் 'பெத்ம' முறை வரும். உறுதியில் எத்தனை ஏக்கர் இருந்தாலும், தண்ணீர் பாயக்கூடிய பகுதியை மட்டும் எல்லாரும் பங்கிட்டுச் செய்வார்கள். லினக்ஸில் 'டொப்' கட்டளை காட்டும் 'விர்ட்' உறுதியில் உள்ள ஏக்கர். 'ரெஸ்' தண்ணீர் பாய்ந்த ஏக்கர், அதாவது இப்போது ரெம்மில் உண்மையாக இருக்கும் பக்கங்கள். 4 ஜிபி ரெம் உள்ள கணினியிலும் குரோம் உலாவியின் விர்ட் ஒரு டெராபைட்டைத் தாண்டி நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை, அது முன்பதிவு செய்த முகவரிதான்.

பங்கீட்டுக்கும் எல்லை உண்டு. ஒரு நிரல் ஒரு நேரத்தில் உண்மையாகத் தொடும் பக்கங்களைப் பீட்டர் டெனிங் 1968இல் 'வேர்க்கிங் செட்' என்றார். ஓடுகிற நிரல்களின் வேர்க்கிங் செட்கள் சேர்ந்து ரெம்மை மிஞ்சினால், கணினி வேலையை விட்டுவிட்டுப் பக்கங்களைத் தூக்கி இறக்குவதிலேயே நேரத்தைக் கழிக்கும். ரெம் காணாமல் வரும் மந்தம் அதுதான்.

எங்களுக்குப் பிடித்தது 1991 இறுதியில் நடந்த கதை. 2 எம்பி ரெம் மட்டுமே வைத்திருந்த ஒருவரால் லினக்ஸ் கருவைக் கம்பைல் பண்ண முடியவில்லை. அதற்காகவே லினஸ் டோர்வால்ட்ஸ் நத்தார் நாட்களில் இருந்து, பக்கங்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றும் வசதியை எழுதினார். 1992 ஜனவரியில் வந்த 0.12 பதிப்பில் அது சேர்ந்தது. காசில்லாதவருக்காக வந்த வசதி என்றே நாங்கள் இதைப் பார்க்கிறோம்.

ரெஸ்ஸையும் கண்ணை மூடி நம்பக்கூடாது. பல நிரல்கள் பகிரும் நூலகப் பக்கங்கள் ஒவ்வொன்றின் கணக்கிலும் வரும், கூட்டினால் ரெம்மையே மிஞ்சலாம். காசு கொடுக்க முன் 'விஎம்ஸ்டாட் 1' ஓடவிட்டு, எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு நிரல்வரிசைகளைப் பாருங்க. லெப்டொப் திணறும் நேரத்திலும் இரண்டும் பூச்சியமாகவே இருந்தால் குறை அநேகமாக ரெம்மில் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்க. எண்கள் தொடர்ந்து துள்ளினால் மட்டும் கடைக்காரர் சொன்னது சரி.