எடைக்கு ஒரு விலை, வேலைக்கு ஒரு விலை

இன்னைக்கு எபிசோட் ஒரு ஏலத்துல ஆரம்பிக்குது. சுத்தியல் கிடையாது, "ஒரு தரம், ரெண்டு தரம்" கிடையாது. வெறும் லேப்டாப் ஸ்கிரீன்தான். அதுல ஒரு வரி: "லாட் 14, சென்டர் லேத், பழையது, 1 எண்." பக்கத்துல மங்கலா ஒரு போட்டோ. கீழே நேரம் குறைஞ்சுக்கிட்டே வருது.

ஓசூர்ல லேத் பட்டறை வெச்சிருக்குற ஒருத்தர் விலை போடுறார்னு வச்சுக்குவோம். இன்னொருத்தர் உடனே அதைத் தாண்டிப் போடுறார். அவர் யாருன்னு இவருக்குத் தெரியாது. இன்னொரு பட்டறைக்காரரா இருக்கலாம், பழைய இரும்பு வியாபாரியாவும் இருக்கலாம்.

சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அந்த லேத் ரெண்டு டன், வார்ப்பிரும்பு கிலோ 35 ரூபாய்னா, உடைச்சு உருக்கப் போட்டா 70,000 ரூபாய். அதே லேத் பட்டறையில ஓடினா இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும். ஆக ஒரே மெஷினுக்கு ரெண்டு விலை. எடைக்கு ஒரு விலை, வேலைக்கு ஒரு விலை. எந்த விலை ஜெயிக்குதுங்கறதுதான் இந்த எபிசோட்.

ஜெர்மன் மெஷினும் ஜாலஹள்ளி லேத்தும்

பழைய மெஷினைப் பங்கு போடுறது இன்னைக்கு நேத்து வந்த பழக்கம் இல்ல. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும், 1946 ஜனவரியில பாரிஸ்ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. தோத்துப்போன ஜெர்மனியோட சொத்துகளை ஜெயிச்ச நாடுகள் எப்படிப் பிரிச்சுக்கறதுன்னு. அதுல தொழிற்சாலை மெஷின்கள், கப்பல்கள் எல்லாம் ஒரு தனிப் பிரிவு. அந்தப் பிரிவுல இந்தியாவோட பங்கு 2.9 சதவீதம். இத்தனைக்கும் அப்போ நமக்குச் சுதந்திரமே வரல!

அன்னைக்கு ஒரு நாட்டுக்கு மெஷின் டூல் எவ்வளவு பெரிய சொத்துன்னு இதுலயே தெரியும். லேத்தை "மெஷின்களோட தாய்"னு சொல்றது சும்மா இல்ல. மத்த மெஷின்களைச் செய்யவே லேத், மில்லிங், கிரைண்டிங் எல்லாம் வேணும். போர்க் காலத்துல வெளிநாட்டுல இருந்து இதெல்லாம் வர்றது குதிரைக்கொம்பா இருந்துச்சு.

அதனாலதான் 1953ல மத்திய அரசு பெங்களூர் ஜாலஹள்ளியில ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், அதாவது எச்எம்டி, ஆரம்பிச்சது. தொழில்நுட்பம் சுவிட்சர்லாந்தோட ஓர்லிகான் கம்பெனியில இருந்து வந்தது. உங்கள்ல இன்ஜினியரிங் படிச்சவங்க ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப்பை நினைச்சுப் பாருங்க. எண்ணெய்ப் பிசுக்கோட ஒரு பச்சை லேத் நின்னிருக்கும், அதுல எச்எம்டி பேர் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நான் அதுல ஸ்டெப் டர்னிங் பண்ணி, அளவு தப்பா வந்து திட்டு வாங்கினதோட சரி. அதோட வரலாறு தெரிஞ்சது ரொம்ப நாள் கழிச்சுத்தான்.

ஓசூருக்கு மெஷின் வந்த கதை

ஜாலஹள்ளியில இருந்து தெற்கே, பெங்களூரைத் தாண்டி தமிழ்நாட்டு எல்லைக்குள்ள கால் வெச்சா ஓசூர். பெங்களூர்ல இருந்து சுமார் 40 கிலோமீட்டர். அப்போ இது தர்மபுரி மாவட்டம், பின்தங்கிய பகுதி. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004லதான்.

1971ல சிப்காட் உருவாச்சு. அது ஓசூர்ல இடம் எடுத்து, மனை பிரிச்சு, கம்பெனிகளைக் கூப்பிட்டுச்சு. 1980ல அசோக் லேலண்ட் இங்க ஆலை போட்டாங்க. அதே வருஷம் ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வெளியே வந்துச்சு. 1984ல டாடாவும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பிச்சாங்க. வாட்ச் ஆலை ஓசூர்லயே வந்தது.

ஒரு பெரிய கம்பெனி வந்தா அதைச் சுத்தி நூறு சின்னப் பட்டறை முளைக்கும். புஷ், பின், பிராக்கெட்னு சின்னச் சின்ன உருப்படியை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுப்பாங்க. எடுத்துச் செய்யறவர் பெரும்பாலும் நேத்து வரைக்கும் ஏதோ ஒரு ஆலையில டர்னராவோ ஃபிட்டராவோ இருந்தவர். புது மெஷின் வாங்க அவர்கிட்ட காசு ஏது? அதனால பட்டறையோட முதல் மெஷின் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட்தான். ஒரு ஆலை கழிச்சுக் கட்டின மெஷின், பக்கத்துத் தெருவுல இன்னொருத்தருக்கு முதல் சொத்து.

அதை வாங்குற விதமும் வேற. "பீன்யாவுல ஒரு யூனிட்டை மூடுறாங்கண்ணே, ரெண்டு லேத் இருக்கு"ன்னு புரோக்கர் சொல்வார். நேர்ல போய், கையால ஓட்டிப் பார்த்து, டீ குடிச்சுக்கிட்டே விலை பேசி முடிப்பாங்க. மிஞ்சினது காயலான் கடைக்குப் போகும். அந்தச் சொல்லே காயல்பட்டினத்து வியாபாரிகள் பேர்ல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க. அந்தக் கடைக்காரருக்கும் மெஷினைப் பார்க்கத் தெரியும். ஓடுற மெஷினை ஓரமா எடுத்து வெச்சு, வேலைக்கான விலையில விப்பார்.

ஏலம் ஸ்கிரீனுக்கு வந்தது

2004ல வந்த வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை, பழைய இயந்திரங்களை வயசு வரம்பே இல்லாம இறக்குமதி பண்ணலாம்னு சொல்லிடுச்சு. வெளிநாட்டு ஆலை கழிச்ச சிஎன்சி மெஷினும் நம்ம பட்டறைக்காரர் கைக்கு எட்டுற தூரத்துக்கு வந்துச்சு.

அதே காலகட்டத்துல ஏலமும் மாற ஆரம்பிச்சது. எம்எஸ்டிசி ஒரு மத்திய அரசு நிறுவனம், ஸ்டீல் அமைச்சகத்துக்குக் கீழ வருது. 1964ல ஆரம்பிச்சப்போ அதோட முழுப்பேர் மெட்டல் ஸ்கிராப் டிரேட் கார்ப்பரேஷன். பேரைக் கவனிங்க: ஸ்கிராப். பழைய இரும்பு வியாபாரத்தை ஒழுங்குபடுத்த வந்த நிறுவனம், 2000களில் ஆன்லைன் ஏலத்துக்கு மாறி, அரசு நிறுவனங்கள் கழிக்கிற பொருளுக்குப் பெரிய சந்தையா ஆயிடுச்சு. வங்கிகள் பக்கம் 2002ல சர்ஃபேசி சட்டம், 2016ல திவால் சட்டம். கடன் கட்ட முடியாத ஆலையோட மெஷின்களும் ஆன்லைன் ஏலத்துக்கு வந்தது. 2025 ஜனவரியில அரசு வங்கிகளுக்காக பேங்க்நெட்னு ஒரு தளமே திறந்தாங்க.

இதுல மனசைக் கொஞ்சம் தொடுற ஒரு கதை எச்எம்டி வாட்ச். 1961ல ஜப்பானோட சிட்டிசன் கூட்டுல பெங்களூர்ல ஆரம்பிச்சது. 2016 ஜனவரியில மத்திய அமைச்சரவை எச்எம்டி வாட்சஸை மூட ஒப்புதல் கொடுத்துச்சு. அதே வருஷம், மூடப்படுற அரசு நிறுவனங்களுக்கு ஒரு பொது வழிகாட்டுதல் வந்தது: நிலம் ஒரு வழியில போகணும், மெஷின் மாதிரி அசையும் சொத்து எம்எஸ்டிசி போன்ற ஏல நிறுவனம் வழியா போகணும். நாட்டுக்கே மெஷின் செஞ்சு கொடுக்கப் பிறந்த குடும்பத்துல ஒரு கிளை, கடைசியில ஏலப் பட்டியல்ல லாட் நம்பரா முடியுது.

ஜூஜூவாடியில நின்ன லாரி

எல்லையில இருக்குற ஓசூருக்கு இன்னொரு மாற்றமும் முக்கியம். முன்னாடி பீன்யாவுல இருந்து ஓசூருக்கு ஒரு மெஷின் வரணும்னா மத்திய விற்பனை வரி, சி ஃபார்ம், அத்திப்பள்ளி, ஜூஜூவாடி செக்போஸ்ட்னு ஆயிரம் தலைவலி. ஒரு பேப்பர் குறைஞ்சாலும் லாரி அங்கேயே நிக்கும். 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்ததும் வணிக வரி செக்போஸ்ட்கள் போச்சு. 2018 ஏப்ரல்ல மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்குக்கு இ-வே பில் வந்துச்சு. ஓசூர்ல உட்கார்ந்துக்கிட்டு புனேவுலயோ ஃபரிதாபாத்லயோ இருக்குற மெஷினுக்கு விலை போடறது நடைமுறையில சாத்தியமாச்சு.

இதுல சின்னப் பட்டறைக்காரருக்கு லாபம் இல்லாம இல்ல. புரோக்கரோட இருட்டு போச்சு. எந்த ஊர் ஆலை மூடினாலும் பட்டியல் எல்லார் கண்ணுக்கும் தெரியுது. ஆனா வேற ஒண்ணு கண்ணுக்குத் தெரியாம போச்சு.

போட்டோல தெரியாதது

ஒரு லேத்துல முதல்ல தேயறது சக் பக்கத்துல இருக்குற பெட். ஏன்னா பெரும்பாலான வேலை அங்கதான் நடக்கும். அனுபவம் உள்ளவர் சேடிலை இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் தள்ளிப் பார்ப்பார். சக் பக்கம் லூசா ஓடி, டெயில்ஸ்டாக் பக்கம் இறுகினா பெட் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். அதுக்காகத் தூக்கிப் போட வேண்டியதில்ல. பெட் கிரைண்டிங் பண்ணி, கையால ஸ்கிரேப் பண்ணி உயிர் கொடுக்கலாம். ஆனா அந்தச் செலவை விலை போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும். புதுசா பெயின்ட் அடிச்ச மெஷினோட போட்டோல இது தெரியவே தெரியாது.

சிஎன்சி கதை இன்னும் மோசம், எனக்கு நல்லாப் புரிஞ்ச கதையும்கூட. என் காலேஜ் சீனியர் ஒருத்தர் வெளிமாநிலத்துல மூடின ஒரு ஆலையோட சிஎன்சி டர்னிங் சென்டரை ஆன்லைன் ஏலத்துல எடுத்தார். நேர்ல பார்க்கப் போகல. பட்டறையில இறக்கி, கரன்ட் கொடுத்தா, ஸ்கிரீன் பூரா அலாரம். ராத்திரி எனக்கு போன்: "மெஷின் வந்துடுச்சுடா. ஆனா அதுக்கு எதுவுமே ஞாபகம் இல்ல."

நிறைய பழைய கன்ட்ரோலர்கள்ல மெஷினோட பாராமீட்டர் எல்லாம் ஒரு சின்ன பேட்டரி தயவுல நிக்கிற மெமரியில இருக்கும். எந்த அச்சு எவ்வளவு நகரணும், எங்க நிக்கணும்னு எல்லாமே அதுலதான். மெஷின் ஆன்ல இருக்கும்போதே அந்த பேட்டரியை மாத்தணும். ஆலையை மூடி, கரன்டைப் பிடுங்கி, கோர்ட், ஏலம்னு ரெண்டு வருஷம் போனா பேட்டரி செத்துடும், பாராமீட்டரும் போயிடும். மூடறதுக்கு முன்னாடி ஒருத்தர் பேக்கப் எடுத்திருந்தா ஒரு சின்ன மெமரி கார்டுல முடிஞ்ச வேலை. யாரும் எடுக்கல. சீனியருக்கு ரெண்டு மாசமும் நல்ல தொகையும் போச்சு. புகாரும் கொடுக்க முடியாது. இந்த ஏலங்கள்ல வழக்கமான நிபந்தனையே "எங்க, எப்படி, என்ன இருக்கோ அப்படியே"ங்கறதுதான்.

இதோட 18 சதவீத ஜிஎஸ்டி, கழட்டுற கூலி, கிரேன், டிரெய்லர், கெடுவுக்குள்ள எடுக்கலன்னா தரை வாடகை. விலை போடுற பெட்டியில இது எதுவும் காட்டாது.

யாருக்குச் சாதகம்?

இப்போ லாட் 14க்குத் திரும்புவோம். எடைக்கு வாங்குறவருக்கு மெஷின் ஓடுதா இல்லையாங்கற கவலையே இல்ல. எடை தெரிஞ்சா போதும், வீட்டுல இருந்தே துல்லியமா விலை போடலாம். வேலைக்கு வாங்குறவருக்குத்தான் சந்தேகம் எல்லாம். சந்தேகம் இருக்குறவர் கம்மியாதான் போடுவார். அதனால ஸ்கிரீன் ஏலம் இயல்பாவே எடை விலை பக்கம் சாயுது. இதுல யாரும் சதி பண்ணல. தகவல் இல்லாத இடத்துல ஓடுற மெஷினும் இரும்பாயிடுது, அவ்வளவுதான். இருபது மெஷினை ஒரே லாட்டா கட்டிட்டா, ஒரு லேத் மட்டும் வேணும்ங்கற பட்டறைக்காரர் உள்ளேயே வர முடியாது.

இதைச் சரி பண்ண பெரிய டெக்னாலஜி வேண்டாம். மூடறதுக்கு முன்னாடி மெஷினை ஓட்டி ரெண்டு நிமிஷ வீடியோ. சிஎன்சின்னா பாராமீட்டர் பேக்கப். தனித்தனி லாட். விக்கிறவருக்கும் இதுல கூடுதல் காசுதான். அது வர்ற வரைக்கும் வாங்குறவர் செய்யக்கூடியது ஒண்ணுதான்: இன்ஸ்பெக்‌ஷன் தேதியில பஸ் ஏறிப் போங்க. தனியா போகாதீங்க, தெரிஞ்ச ஒரு ஃபிட்டர் அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க. அவர் கை சொல்றதை எந்த போட்டோவும் சொல்லாது.

இன்னைக்கு ஓசூர் பக்கம் ஏத்தர், போச்சம்பள்ளியில ஓலான்னு எலெக்ட்ரிக் வண்டி ஆலைகள் வந்தாச்சு. இதுங்களுக்கும் புஷ்ஷும் பிராக்கெட்டும் வேணும். அதைச் செய்யப்போற அடுத்த தலைமுறைப் பட்டறையோட முதல் மெஷின், இப்போ எங்கேயோ ஒரு பூட்டின ஷெட்ல லாட் நம்பர் ஒட்டி நின்னுக்கிட்டு இருக்கு. அதோட பேட்டரி தீர்றதுக்குள்ள யாராவது போய்ப் பார்த்தா நல்லது.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ லேத் பட்டறை இருந்தா, அங்க இருக்குற பழைய மெஷின் எந்த ஆலையில இருந்து வந்ததுன்னு கேட்டு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.