உங்கள் மோட்டார் மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது? பைப்பை அறுக்காமலே அளக்கலாம்!

எத்தனை ஹெச்.பி. மோட்டார் என்று கேட்டால் எல்லோரும் உடனே சொல்லிவிடுவோம். மணிக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று கேட்டால்தான் தடுமாற்றம். அதே மோட்டார், நீர்மட்டம் 200 அடியில் இருக்கும்போது கொடுத்த தண்ணீரை 500 அடிக்கு இறங்கிய பிறகு கொடுக்காது. இந்த அளவு தெரியாமல் சொட்டுநீர் லைன் போட்டால், கடைசி வரிசைச் செடிகள்தான் காயும்.

விசிறி சுழலும் மீட்டரில் மணலும் பாசியும் சிக்கிக்கொள்ளும். மீயொலி (அல்ட்ராசோனிக்) மீட்டரில் சுழலும் பாகமே கிடையாது. இரண்டு சென்சார்களை பைப்பின் வெளிப்பக்கம் கட்டினால் போதும். நம் காதுக்குக் கேட்காத ஒலியை ஒன்று அனுப்ப, மற்றொன்று வாங்கும். பிறகு எதிர்த்திசையில் அனுப்பும். ஆற்றில் பரிசல் போவது மாதிரிதான்: நீரோட்டத்தோடு போகும் ஒலி சீக்கிரம் சேரும், எதிர்த்து வருவது தாமதமாகும். தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,480 மீட்டர் போவதால், இந்த வித்தியாசம் விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதை வைத்தே கருவி நீரின் வேகத்தைக் கணக்கிடுகிறது.

உள்விட்டம் 80 மி.மீ. உள்ள பைப்பில் தண்ணீர் விநாடிக்கு 1 மீட்டர் ஓடினால், விநாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் தண்ணீர் கட்ட சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஆக, 11 மணி நேரத்துக்கு மேல் மோட்டார் ஓட வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் பொருத்தும்போதுதான். பைப்பின் வெளிவிட்டம், சுவர் கனம், பி.வி.சி.யா இரும்பா என்பதைச் சரியாகப் பதிய வேண்டும். 76 மி.மீ. உள்விட்டத்தை 80 என்று பதிந்தால், அளவு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டும். எல்போ, வால்வு தாண்டியதும் தண்ணீர் சுழன்று ஓடும், அங்கே கட்டாதீர்கள். சென்சாருக்கு முன்னால் விட்டத்தைப்போல 10 மடங்கும், பின்னால் 5 மடங்கும் நேரான பைப் இருக்கட்டும். பைப்பின் மேற்பக்கம் காற்று தங்கும், அடிப்பக்கம் வண்டல் படியும். அதனால் பக்கவாட்டில்தான் கட்ட வேண்டும். சென்சாருக்கும் பைப்புக்கும் இடையே ஜெல் தடவ மறக்காதீர்கள். தண்ணீர் பாதி பைப்பில் ஓடினாலும், காற்றுக்குமிழி கலந்து வந்தாலும் அளவு தப்பும்.

மோட்டார் அருகே 18,000 காட்டி, சப்-மெயினுக்கு முன்னால் 15,000 காட்டினால் நடுவில் எங்கோ கசிகிறது. ஓரிரு சதவீத வித்தியாசத்துக்காக மண்ணைத் தோண்ட வேண்டாம். போன மாதத்தைவிட அளவு குறைந்தால், ஃபில்டருக்கு முன்னால் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாருங்கள். பழைய அளவு வந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. விட்டுவிட்டு, காற்றோடு சீறி வந்தால் நீர்மட்டம் இறங்கிவிட்டது, மோட்டாரை நிறுத்துங்கள்.

ஒரே ஒரு போர்வெல்லுக்காக இதை வாங்குவது வீண்செலவு. உழவர் உற்பத்தியாளர் குழு ஒன்றை வாங்கி, சுற்றில் விடலாம். சொந்தமாகச் சரிபார்க்க 200 லிட்டர் டிரம் போதும்: 40 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 18,000 லிட்டர்.

காற்றின் வேகத்தையும் இதே முறையில் அளக்கிறார்கள். எதிரெதிரே நிற்கும் சென்சார்களுக்கு நடுவே காற்று புகும்போது ஒலி சேரும் நேரம் மாறும். வேகம், திசை இரண்டும் தெரியும். கிண்ணம் சுழலும் கருவிபோல தூசியில் பேரிங் இறுகுவதில்லை. மருந்து தெளிக்க மட்டும் என்றால், கையில் பிடிக்கும் சாதாரண கருவியே போதும். மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் காற்றடித்தால் தெளிக்க வேண்டாம். இலையே அசையாத அதிகாலையும் நல்லதல்ல. நுண்துளிகள் கீழே இறங்காமல் மிதந்து போகும். 2,4-டி களைக்கொல்லி என்றால் கூடுதல் கவனம் தேவை. பக்கத்தில் பருத்தியோ தக்காளியோ திராட்சையோ இருந்து, காற்று அந்தப் பக்கம் வீசினால், வேகம் குறைவாக இருந்தாலும் அன்றைக்குத் தெளிப்பானை எடுக்காதீர்கள்.