பெயர் எழுதிய துணியும் பெயரில்லாத் தகடும்

திலக் நகரிலோ மாட்டுங்காவிலோ உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தார், பாட்டனார் விட்டுச்சென்ற டிரங்குப் பெட்டியைத் திறப்பதாகக் கொள்வோம். அடியில் மஞ்சளேறிய பட்டுத்துணி ஒன்று கிடக்கிறது. நடுவே சிவப்பு வட்டம். அதனைச் சூழக் கதிர்கள்போல மையெழுத்துகள். பாட்டனார் மதராஸ் சாப்பர் படையில் பர்மாப் போர்முனை கண்டவர் என்பது மட்டும் வீட்டாருக்குத் தெரியும். இத்துணி யாருடையது?

ஜப்பானியர் இதனை யோசெகாகி ஹினோமாரு என்பர். போருக்குப் புறப்படும் இளைஞனுக்கு உற்றாரும் ஊராரும் தத்தம் பெயரை எழுதிக் கொடுத்த தேசக்கொடி இது. போர்க்களத்தில் நல்லூழ் நீடிக்குமாறு வாழ்த்தும் நான்கு பெரிய எழுத்துகள் மேற்புறத்தே பெரும்பாலும் காணப்படும். வீரன் அதனை மடித்து உடலோடு வைத்துக்கொள்வான். அவன் வீழ்ந்தபின், வென்ற படையினர் அதனை நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றனர். இடுப்பில் கட்டும் சென்னின்பாரி என்னும் துணியும் அவ்வாறே கைமாறியது. ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு முடிச்சாக இட்ட தையல் அது. புலி ஆண்டிற் பிறந்த பெண் மட்டும் தன் வயதளவு முடிச்சுகள் இடலாம் என்பது வழக்கு. புலி ஆயிரம் காதம் சென்றும் இல்லம் திரும்பும் என்பது அவர்தம் நம்பிக்கை.

கொடியில் நூறு பெயர்கள் இருக்கலாம். உடையவன் பெயர் அவற்றுள் ஒன்றே. அது பெரும்பாலும் ஓரத்தில், மற்றவற்றினும் பெரிதாக இருக்கும். ஊர்ப்பெயர் அரிதாகவே காணப்படும். ஒரே பெயருடையோர் பலர் இருந்திருப்பர் ஆதலால், பெயரை வாசித்த அளவில் ஆள் கிடைத்துவிடுவதில்லை. கழுத்துத் தகடோ இன்னும் கடினம். சாதாரணச் சிப்பாயின் தகட்டில் படைப்பிரிவின் குறியும் எண்ணும் உண்டு, பெயர் இல்லை. அதிகாரிகளின் தகட்டில்தான் பெயர் பொறித்தனர்.

ஆயினும் அந்தக் குறியே வழிகாட்டும். 1944-இல் இம்பால், கோஹிமா மீது வந்த மூன்று டிவிஷன்களுக்கும் ஒற்றையெழுத்து மறைபெயர்கள் இருந்தன. 15-ஆம் டிவிஷன் ‘விழா’. 31-ஆம் டிவிஷன் ‘கடுமை’. 33-ஆம் டிவிஷன் ‘வில்’. மேலும், ஜப்பானிய ரெஜிமெண்டுகள் வட்டாரவாரியாக ஆள் சேர்த்தவை. கோஹிமாவில் போரிட்ட 58-ஆம் ரெஜிமெண்டு நீகாதா மாகாணத்தது. 124-ஆம் ரெஜிமெண்டு ஃபுகுஓகாவினது. நம் நாட்டில் ஒருவரைத் தஞ்சைக்காரர், நெல்லைக்காரர் என்று அறிந்தால் தேடும் பரப்புச் சுருங்குவது போன்றதே இதுவும். தரைப்படையினரின் பதிவேடுகள் அந்தந்த மாகாண அரசுகளிடம் உள்ளன. அவற்றைத் துணைக்கொண்டு அந்நாட்டு நலத்துறை அமைச்சகம் வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்களுக்கு உரியவரைத் தேடுகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள ஓபான் சங்கமும் 2009 முதல் இப்பணியைச் செய்துவருகிறது.

அக்குடும்பங்களுக்கு இது ஏன் பெரிது? அப்போர்முனையில் மாண்ட ஜப்பானியர் பல்லாயிரம் பேர். அவர்களுள் மிகப் பலருடைய உடல் ஊர் திரும்பவில்லை. வெள்ளைத்துணி சுற்றிய பெட்டியில் எலும்புக்குப் பதில் ஒரு கல்லோ பெயரெழுதிய தாளோ பெற்ற தாய்மார் அநேகர். அத்தகைய வீட்டிற்குக் கொடியொன்றே மகனின் மிச்சம். சந்தையில் அதற்கு விலை கிடைக்கும் என்பது உண்மை. விற்பது முறையன்று என்பதே நம் கருத்து.

இதைச் சொல்லும்போதே நெஞ்சில் வேறொரு கணக்கு உறுத்துகிறது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் சயாம் - பர்மா ரயில் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரை ஜப்பானியர் கொண்டுசென்றனர். காலராவிலும் பசியிலும் அவர்கள் மடிந்தனர். அதே பாதையில் இறந்த நேச நாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. நம்மவருக்கு அத்தகைய கற்களில்லை. அவர்களுக்குக் கொடி எழுதிக் கொடுத்தாரும் இல்லை. மலாயாவிலிருந்து மீண்டோர் பெட்டிகளில் எஞ்சியது பெரும்பாலும் வாழைமரம் அச்சிட்ட பத்து வெள்ளித் தாள். அதன் ‘எம்’ என்னும் எழுத்து மலாயாவைக் குறிக்கும். பர்மாத் தாளில் ‘பி’ இருக்கும். 1945-இல் ஆங்கிலேயர் மீண்டதும் அது செல்லாக் காசாயிற்று. வைத்திருந்தவர் யாரென்று எந்த எண்ணும் சொல்லாது.

ஆகவே பெட்டியைத் திறக்கும் அன்பர்கள் துணியைத் துவைக்கவேண்டா. மங்கிய எழுத்தின்மேல் மை தீட்டவேண்டா. இருபுறமும் படம் எடுத்துக்கொள்க. பாட்டனார் எந்தப் படையில், எந்த ஊரில், எந்த மாதத்தில் இருந்தார் என்பதை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதிவைக்க. எழுத்தால் தீராத ஐயம் அக்குறிப்பால் தீரக்கூடும். அப்படியே, ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத பெரியப்பா, சித்தப்பாவின் பெயரையும், அவர் இருந்த தோட்டத்தின் பெயரையும் அதே தாளில் எழுதிக்கொள்க.