பன்னிரண்டு ஆண்டுக் கெடு: ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி

ஜெர்மனியில் 2007இல் வந்த அறிவியல் துறைப் பணிக்காலச் சட்டம், முனைவர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டு (மருத்துவத்தில் 9) வரை தற்காலிக ஒப்பந்தங்களை அனுமதிக்கிறது. பட்டத்தை விரைந்து முடித்தவருக்கு மிஞ்சிய ஆண்டுகள் பிற்பகுதியில் சேரும். ஒருவரை முடிவின்றித் தற்காலிகப் பணியில் வைத்திருக்கக் கூடாது என்ற நல்லெண்ணம் இதில் உண்டு. ஆனால் கெடு முடிந்ததும் நிரந்தரப் பணி தரவேண்டிய கடமை எதையும் சட்டம் பல்கலைக்கழகத்தின்மேல் வைக்கவில்லை. ஆய்வாளரைக் காக்க வந்த கெடுவே அவரை வெளியே அனுப்புகிறது என்பது என் வாதம்.

வெளிநிதித் திட்டங்களில் கெடு தாண்டியும் தற்காலிக ஒப்பந்தம் போடலாம். பரிசோதனை அறிவியலும் பொறியியலும் இந்த நிதியைப் பெரிதும் நம்பியிருப்பவை. அங்கே முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் (போஸ்ட்டாக்) ஒருவரின் அடுத்த ஒப்பந்தம், பேராசிரியரின் அடுத்த நிதி விண்ணப்பம் தேறுவதைப் பொறுத்தது. அந்த ஆய்வாளர் வேறிடம் போவதானாலும் பரிந்துரைக் கடிதம் அதே பேராசிரியரிடமிருந்துதான் வரவேண்டும். அந்தப் பேராசிரியரின் முந்தைய முடிவில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தால் ஆய்வாளர் துணிந்து சொல்வாரா? இதைத் தொழிலாளர் நலப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது போதாது. அறிவியலின் நேர்மையே இதில் அடங்கியிருக்கிறது.

ஜெர்மன் ஆய்வு அமைச்சகம் 2018இல் இச்சட்டத்தை விளக்க ஓர் அசைபடம் வெளியிட்டது. அதன் நாயகி ஹன்னா ஓர் உயிரியலாளர். ஒரு தலைமுறையே எல்லாப் பணியிடங்களையும் அடைத்துக்கொள்ளக் கூடாது, ஆட்கள் மாறினால்தான் புதுமை பிறக்கும் என்றது படம். 2021 ஜூனில் அம்ரை பார், கிறிஸ்டின் ஐக்ஹோர்ன், செபாஸ்டியன் கூபோன் ஆகியோர் ‘நான் ஹன்னா’ என்று குரல் எழுப்ப, ஆயிரக்கணக்கானோர் தம் கதைகளுடன் சேர்ந்துகொண்டனர். தொடங்கிய மூவரும் கலைப்புலத்தினர் என்பது கவனிக்கத்தக்கது. பொறியாளருக்குத் தொழிற்சாலை என்ற மாற்றுவழி இருப்பதால் அவர் வெளியேற்றம் கண்ணில் படுவதில்லை. கோட்பாட்டு இயற்பியலாளருக்கோ பூச்சியியலாளருக்கோ அந்த வழி அவ்வளவு அகலமில்லை.

‘அடைப்பு’ வாதம் பேராசிரியர் பதவி ஒன்றையே இலக்காகக் கொள்வதால் எழுவது. பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையம், பேராசிரியர் அல்லாத ஆய்வாளர்களைப் போட்டித் தேர்வின் வழியே நிரந்தர அரசுப் பணியில் அமர்த்துகிறது. பதவி நிலைத்ததால் அங்கே அறிவியல் தேங்கிவிடவில்லை. ஆட்கள் மாறுவதால் இழப்பும் உண்டு: எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கோளாறுகளைப் பல ஆண்டு பழகி அறிந்தவர் போய்விட்டால், அடுத்து வருபவர் அவற்றை முதலிலிருந்து கற்கவேண்டும். புதுமை என்ற பெயரில் இந்த இழப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பெர்லின் மாநிலம் 2021இல் தகுதியுள்ள போஸ்ட்டாக்குகளுக்கு நிரந்தரப் பணி உறுதி தரவேண்டும் எனச் சட்டத்தைத் திருத்தியது. அதற்கான பணம் எங்கே என்று கேட்டு ஹும்போல்ட் பல்கலைக்கழகத் தலைவர் சபீனா குன்ஸ்ட் பதவி விலகலை அறிவித்தார். அவர் கேள்வி நியாயமானது. திட்ட நிதியாகத் தரும் பணத்தில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை நிதிக்கு மாற்றி, அதிலிருந்து நிரந்தர ஆய்வாளர் பணியிடங்களை உருவாக்குவதே அதற்குரிய பதில்.