கிறிஸ்தியான்பேட்டையும் நம் கையிலுள்ள நூலும்

2021-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மாலைப்பொழுது. இராஜபாளையம் பகுதியில் நாம் பணியாற்றிய பங்கில், பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் திருவிவிலியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். அன்பியக் கூட்டங்களில் தவறாது வாசகம் படிப்பவர், நூலை மதிப்பவர். திருவெளிப்பாட்டின் 13-ஆம் அதிகாரத்தை விரித்து நம்முன் வைத்தார். வலக்கையிலோ நெற்றியிலோ குறியில்லாதவன் வாங்கவும் விற்கவும் இயலாது என்னும் பகுதி அது. “சாமி, மில்லு வாசல்ல ஊசி போட்ட சான்றிதழ் கேக்குறாங்க. இது அதுதானே?” என்றார். அறுபது வயதைக் கடந்த தாயாரை அதுவரை தடுப்பூசி போடவிடாமல் வீட்டிலேயே வைத்திருந்தார் என்பதும் பேச்சினிடையே தெரியவந்தது.

நாம் பதறிப்போனோம். பதற்றத்தில் சொன்ன மறுமொழி நினைவில் இன்றும் உறுத்துகிறது. “திருவெளிப்பாடு அறிஞர்களுக்கான நூல், நீங்கள் நற்செய்தியை மட்டும் படித்தால் போதும்” என்றோம். அவர் சினங்கொள்ளவில்லை. நூலை மூடினார். “அப்படின்னா எங்க கையில இதை எதுக்கு சாமி கொடுத்தீங்க?” என்று கேட்டுவிட்டுச் சென்றார்.

அவர் தாயார் பின்னர் ஊசி போட்டுக்கொண்டார். மருத்துவம் பயின்ற உறவுக்காரப் பெண்ணொருத்தி பக்கத்திலமர்ந்து பொறுமையாக விளக்கியதன் பயன் அது. நம் சொல்லின் பயனன்று.

அவருடைய வினா இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில், வத்திராயிருப்புப் பக்கம், கிறிஸ்தியான்பேட்டை என்றொரு சிற்றூர் உண்டு. 1840-இல் அதை நிறுவியவர் யோவான் கிறிஸ்தியான் அருளப்பன். 1810-இல் பிறந்த அவர், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் பயின்றவர். ரேனியஸைத் தமிழறிந்தோர் இலக்கண ஆசிரியராக அறிவர். விவிலியத்தைத் தமிழாக்குவதற்குரிய நெறிகளைப் பற்றி 1827-இல் தனிக் கட்டுரையே வரைந்தவர் அவர். அவருக்கும் அவரை அனுப்பிய சி.எம்.எஸ். சங்கத்துக்கும் திருச்சபை அமைப்பைக் குறித்துக் கருத்து மாறுபாடு முற்றி, 1835-இல் உறவு முறிந்தது. அக்காலத்தில் தென்னாடு வந்திருந்த அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் என்னும் ஆங்கிலேயரின் தொடர்பு அருளப்பனுக்குக் கிட்டியது. சபையின் ஒவ்வொரு வழக்கத்தையும் புதிய ஏற்பாட்டில் உரசிப் பார்க்கவேண்டும் என்பதும், அப்பம் பிட்க அருட்பொழிவு பெற்றவர் தேவையில்லை என்பதும் குரோவ்ஸின் கொள்கை. அருளப்பன் இதை ஏற்றார். சங்கத்தின் சம்பளம் வேண்டாம் என்றார். வெள்ளையரின் மேற்பார்வையின்றி, கையில் விவிலியத்தோடு, தம் மக்கள் நடுவில் வாழ்ந்தார்.

கத்தோலிக்கக் குரு இவரை இவ்வளவு பரிவோடு பேசுவதேன் என வாசகர் வியக்கக்கூடும். நற்கருணையைப் பற்றிய அவர் முடிவை நாம் ஏற்கவில்லை. ஆயினும், பாளையப்பட்டுகளும் பஞ்சங்களும் கண்ட கரிசல் மண்ணில், ஒரு தமிழர் வேற்றாரின் ஊதியத்தை மறுத்து இறைவார்த்தையைத் தாமே படித்துப் பொருள் காணத் துணிந்தார் என்பது சிறிய செய்தியன்று.

1860-இல் கிறிஸ்தியான்பேட்டையில் பெரும் எழுச்சி மூண்டது. மக்கள் அழுதனர், தரையில் விழுந்தனர். பரவசப் பேச்சும் காட்சிகளும் இறைவாக்குகளும் பெருகின, பெண்களும் பேசினர். திருநெல்வேலிச் சீமையின் வடபகுதியெங்கும் அலை பரவிற்று. சிவகாசியை மையமாகக் கொண்டு ராக்லாந்து ஐயரும் தோழரும் 1854 முதல் ஊர் ஊராகக் கூடாரமடித்துப் போதித்த பகுதி அது. மிஷனரி ஏடுகள் இவ்வெழுச்சியை அன்றே பதிவு செய்தன. வியப்பும் ஐயமும் அவற்றில் கலந்திருந்தன.

அம்மக்கள் நடந்ததைப் புரிந்துகொண்டது யோவேல் இறைவாக்கினரைக் கொண்டு. புதல்வர் புதல்வியர் மேலும், அடிமைகள் மேலும் ஆவி பொழியப்படும் என்னும் வாக்குறுதி தங்கள் முற்றத்திலேயே நிறைவேறியது என்றனர். இதை அறியாமை என ஒதுக்குவது எளிது. ஒதுக்குபவர் யோவேலைப் படித்திருக்கமாட்டார். வெட்டுக்கிளியும் வறட்சியும் பயிரை அழித்த நாட்டில், குருக்களும் உழவரும் சேர்ந்து புலம்புகையில் எழுந்த நூல் அது. வானம் பார்த்த பூமியின் மக்களுக்கு அதன் முதல் அதிகாரம் உரையின்றியே விளங்கும். பெந்தகோஸ்து நாளில் பேதுருவும் அதே பகுதியைத்தான் எடுத்தாண்டார். ஆக, அருளப்பனின் மக்கள் நூலின் உயிரைத் தொட்டார்கள் என்றே கருதுகிறோம்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அருளப்பன் 1867-இல் மறைந்தார். எழுச்சியின் அலை 1873-ஐ அடுத்த ஆண்டுகளில் திருவிதாங்கூரை எட்டிற்று. அங்கே, தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து 1861-இல் திருமுழுக்குப் பெற்று, ஆங்கிலிக்கன் சபையில் குருவாக இருந்த யுஸ்துஸ் யோசேப்பு அதன் தலைவரானார். புலமை மிக்கவர், பாடல்கள் புனைந்தவர். 1875-இல் அவருடைய குழுவினருள் ஒருவர் கண்ட காட்சியை ஏற்று, ஆறு ஆண்டுகளில், அதாவது 1881-இல், ஆண்டவர் திரும்பி வருவார் என்று அறிவித்தனர். யுயோமயம் என்னும் தனிச் சபையும் பிறந்தது. 1881 வந்தது, சென்றது. இயக்கம் சுருங்கியது.

காட்சி கண்டதில் பிழையில்லை. கண்டதை எவரும் சீர்தூக்கிப் பார்க்காததே பிழை. இறைவாக்கினர் இருவரோ மூவரோ பேசட்டும், மற்றவர் அதைத் தேர்ந்து பார்க்கட்டும் எனக் கொரிந்தியருக்குப் பவுல் எழுதியிருந்தார். நாளும் வேளையும் மகனுக்கும் தெரியாது என மாற்கு நற்செய்தி சொல்லியிருந்தது. அவ்விரு பகுதிகளும் அவர்கள் கையிலிருந்த அதே நூலில்தான் இருந்தன. தமக்கு உகந்த பக்கம் ஒளிவீசும்போது மற்றப் பக்கங்கள் இருண்டுவிடுகின்றன.

இதைச் சொல்லி நாம் புன்முறுவல் பூக்க வேண்டியதில்லை. தவறாகப் படிக்கும் வாய்ப்பே நம்மவர்க்கு நெடுங்காலம் இருந்ததில்லை. தாய்மொழி விவிலியத்தைப் படிக்க ஆயரின் எழுத்து இசைவு தேவை என்று 1564-இல் உரோமை விதித்தது. பின்னர் அது தளர்ந்தபோதும் அச்சம் தளரவில்லை. காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் நமக்குத் தேம்பாவணி தந்தார்; தரங்கம்பாடியாரின் விவிலியத் தமிழை எள்ளி நகையாடவும் செய்தார். ஆனால் எள்ளப்பட்டவர்கள் புதிய ஏற்பாட்டை 1715-க்குள் அச்சிட்டு முடித்திருந்தனர். நம் இல்லங்களில் செபமாலையும் புனிதர் வரலாறும் இருந்தன. விவிலியம் பீடத்தில் இருந்தது.

1943-இல் பன்னிரண்டாம் பத்திநாதர், விவிலிய ஆசிரியர்கள் கையாண்ட இலக்கிய வகைகளை ஆராயுமாறு அறிஞரைத் தூண்டினார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், நூல் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது. நாம் குருமடத்தில் இறையியல் பயின்றபோது புதிதாக வந்திருந்தது, திருச்சபையில் விவிலிய விளக்கம் பற்றித் திருத்தந்தையின் விவிலிய ஆணையம் 1993-இல் வெளியிட்ட ஏடு. எழுத்தை மட்டும் பற்றிக்கொண்டு காலத்தையும் சூழலையும் மறுக்கும் வாசிப்பை அது கடுமையாகவே கண்டித்தது. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் கூடி உருவாக்கிய திருவிவிலியம் வெளிவந்தது. வீரமாமுனிவரின் வழிவந்தோரும் தரங்கம்பாடியாரின் வழிவந்தோரும் ஒரே மேசையில் அமர்ந்து சொற்களைத் தேர்ந்தார்கள். அந்த நூல்தான் மேற்சொன்ன தொழிலாளியின் கையில் இருந்தது. நூலைக் கொடுத்தோம், படிக்கும் வழியைக் கொடுக்கவில்லை.

இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரின் மற்றொரு செல்வத்தைக் குறிப்பிடத் தோன்றுகிறது. அவ்வூரின் பெரியாழ்வார் பாடிய திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை உரை எழுதினார் என்பதும், அதில் பெரும்பகுதி அழிந்துபோக, மணவாள மாமுனிகள் அழிந்த இடத்துக்கு மட்டும் புத்துரை வரைந்து, பழைய உரை தொடங்கும் இடத்தில் எழுதுகோலை நிறுத்தினார் என்பதும் வைணவ மரபு. முழுவதையும் தாமே எழுதியிருக்கலாம், எழுதவில்லை. தமக்கு முன்னே படித்தவர் ஒருவர் உண்டு என்னும் நினைவு அவர் கையைப் பிடித்து நிறுத்தியது.

சில மாதங்கள் கழித்து அத்தொழிலாளியின் வீட்டுக்கு நாமே சென்றோம். மன்னிப்பும் கேட்டோம். அவர் மறுப்பாரோ என்றிருந்தது, காப்பி கொடுத்தார். அவர் வீட்டுத் திண்ணையிலேயே பதின்மூன்றாம் அதிகாரத்தைப் படிக்கத் தொடங்கினோம். வாரம் ஒரு மாலை, எட்டுப் பத்துப் பேர். விடை சொல்வதில்லை என்று நமக்கு நாமே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டோம். அது எளிதாக இல்லை.

யார் யாருக்கு எழுதியது என்பதிலிருந்து தொடங்கியது பேச்சு. சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்கு, முதல் நூற்றாண்டில், உரோமைப் பேரரசர் தெய்வமாக வணங்கப்பட்ட சூழலில் எழுதப்பட்ட நூல் இது. கடைவீதியில் புழங்கிய நாணயத்தில் பேரரசரின் உருவம் இருந்தது. வணிகரும் தொழிலாளரும் சேர்ந்த சங்கங்களின் விருந்துகளில் சிலைகளுக்குப் படையல் இருந்தது. அதில் சேராத கிறிஸ்தவன் பிழைப்பது எப்படி? “அப்ப இது எங்கள மாதிரி ஆளுகளோட கதைதான்” என்றார் ஒரு பெண்மணி.

பிறகு 666. பழைய தமிழ்க் கணக்கில் ‘க’ ஒன்று, ‘உ’ இரண்டு என எழுத்தே எண்ணாக நின்றதை முதியவர் ஒருவர் நினைவுபடுத்தினார். எபிரேயத்திலும் அவ்வாறே. நேரோன் கேசர் என்னும் பெயரின் எபிரேய எழுத்துகளைத் தாளில் வரிசையாக எழுதினோம்: 50, 200, 6, 50, 100, 60, 200. கூட்டிப் பார்த்தவர் அந்தத் தொழிலாளியே. இருமுறை கூட்டினார். திருச்சபையைத் துன்புறுத்திய அரசனின் பெயர், மறைவாக.

சிறிது நேரம் அமைதி. அவர் நூலின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் 616 என்றிருப்பதையும் சொன்னோம். கடைசி எழுத்தான ‘ன்’ விடுபட்டால் ஐம்பது குறையும் என்று அவரே கண்டுபிடித்தார். பிறகு தலைநிமிர்ந்து, “சரி சாமி. அப்ப தானியேல்ல வர்ற நாலு மிருகம் யாரு?” என்றார்.

நமக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. “அடுத்த வாரம் ஏழாம் அதிகாரத்தை எல்லாரும் படித்துவிட்டு வாருங்கள்” என்றோம்.