பெயர் தாங்கிய தனிமம்

1898 ஆம் ஆண்டின் உலகப் படத்தில் போலந்து என்னும் நாடு இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் நூறாண்டுகளுக்கு முன்னரே அதனைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. வார்சாவில் பிறந்து பாரிஸ் சென்று பயின்ற மேரி கியூரி, தம் கணவர் பியர் கியூரியுடன் சேர்ந்து கண்டறிந்த புதிய தனிமத்திற்கு அவ்வாண்டு ஜூலைத் திங்களில் பொலோனியம் எனப் பெயர் சூட்டினார். நிலப்படத்தில் இடமற்ற தாய்நாட்டுக்குத் தனிமங்களின் வரிசையில் ஓர் இடம் கிடைத்தது. அந்தத் தனிமத்தின் ஆயுள் எத்துணைக் குறுகியது என்பதை அன்று எவரும் அறியவில்லை.

இக்கண்டுபிடிப்புக்கு வழி திறந்தவர் ஹென்றி பெக்கரெல். 1896 பிப்ரவரி இறுதியில் பாரிசில் வெயில் இல்லை. யுரேனிய உப்பை வெயிலில் வைத்து ஆராய எண்ணியிருந்த அவர், கறுப்புத் தாளில் சுற்றிய ஒளிப்படத் தகட்டோடு அதனை இழுப்பறையில் வைத்துவிட்டார். மார்ச் 1 அன்று தகட்டைக் கழுவிப் பார்த்தபோது அழுத்தமான தடம் பதிந்திருந்தது. கதிரவனின் துணையின்றி யுரேனியம் தானே கதிர் உமிழ்கிறது என்பது புலனாயிற்று.

அக்கதிரின் வலிமையை மேரி அளந்தார். யுரேனியத் தாதுவாகிய பிட்ச்பிளெண்டு, தன்னுள் அடங்கிய யுரேனியத்தின் அளவுக்கு மிஞ்சிக் கதிர் வீசியது. அறியப்படாத பொருள் உள்ளே இருத்தல் வேண்டும் என அவர் துணிந்தார். அத்துணிபின் முதற்பயன் பொலோனியம். அவ்வாண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ரேடியம் இரண்டாவது. இப்பண்பைக் குறிக்க, கதிர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அவ்விணையர் ஒரு சொல்லைப் படைத்தனர். கதிரியக்கம் என்னும் தமிழ்ச்சொல்லும் அப்பொருளையே ஏற்று நிற்கிறது. கூரை ஒழுகும் கொட்டகையில் டன் கணக்கான தாதுக்கழிவைக் காய்ச்சிப் பிரித்து, 1902 இல் அவர்கள் பெற்ற ரேடியம் குளோரைடு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கே.

கதிர் வீசிய அணு என்ன ஆகிறது? இவ்வினாவுக்கு விடை கனடாவின் மாண்ட்ரியல் நகரில் கிடைத்தது. தோரியத்திலிருந்து வெளிப்படும் வளிமத்தின் கதிரியக்கம் ஏறத்தாழ ஒவ்வொரு நிமிடத்திலும் பாதியாகக் குறைவதை எர்னஸ்ட் ரூதர்போர்டு 1900 இல் வெளியிட்டார். கதிரியக்கத்தில் ஒரு தனிமம் மற்றொரு தனிமமாக மாறுகிறது என்று அவரும் பிரடெரிக் சாடியும் 1902 இல் எழுதினர். என்றும் மாறாதது எனக் கருதப்பட்ட அணுவுக்கும் முடிவு உண்டு என்றாயிற்று.

அணுக்கருவிலிருந்து ஆல்ஃபா துகள் ஒன்று வெளியேறினால் அதனுடன் இரு புரோட்டான்களும் இரு நியூட்ரான்களும் போகின்றன. அணு எண்ணில் 2 குறைகிறது. நிறை எண்ணில் 4 குறைகிறது. இவ்வாறே அணு எண் 84 உடைய பொலோனியம் 210, அணு எண் 82 உடைய ஈயம் 206 ஆகிறது. குறித்த ஓர் அணு இன்று சிதையுமா, ஆயிரம் ஆண்டு கழித்துச் சிதையுமா என்று எவராலும் கூற இயலாது. ஆனால் கோடானுகோடி அணுக்கள் கூடிய திரளில் பாதி சிதைய ஆகும் காலம் உறுதியானது. அதுவே அரை ஆயுள்.

பொலோனியம் 210 இன் அரை ஆயுள் 138 நாள். 1898 இல் பிரித்தெடுத்த பொலோனியத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நான்காண்டுகளுக்குப் பின் எஞ்சியிராது. 1918 இல் போலந்து மீண்டும் தனிநாடானபோது, அதன் பெயரை முதலில் தாங்கிய அணுக்கள் அநேகமாக முற்றும் ஈயமாகிவிட்டிருந்தன.

ரேடியம் 226 இன் அரை ஆயுளோ ஏறத்தாழ 1,600 ஆண்டு. 1902 இல் பெற்ற ரேடியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்களவு இன்னும் ரேடியமாகவே இருக்கும். அது தோலைச் சுடும் என்பதைப் பியர் தம் கையிலேயே சோதித்து 1901 இல் வெளியிட்டார். உடலுக்குள் அது செய்யும் கேட்டை அன்று எவரும் முழுதும் உணரவில்லை. 1934 ஜூலை 4 அன்று மேரி கியூரி குருதிநோயால் மறைந்தார். நெடுங்காலம் கதிர்வீச்சுக்கு உட்பட்டதே அதன் காரணமாகக் கருதப்படுகிறது.

அவர் கைபட்ட குறிப்பேடுகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் ஈயம் பொதிந்த பேழைகளில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் தாள்களில் படிந்த ரேடியம் பாதியாகக் குறைய இன்னும் ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் செல்லும்.